அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் சொராரிட்டி தேர்ந்தெடுப்பது எப்படி: பதிவிலிருந்து இனிஷியேஷன் வரை

அமெரிக்காவில் இளங்கலை சேரும் பெண்ணுக்குச் சில பல்கலைக்கழகங்களில் வகுப்பு தொடங்கும் முன்பே ஒரு பெரிய முடிவு காத்திருக்கிறது. சொராரிட்டி என்ற மாணவியர் சங்கத்தில் சேர்வதா, சேர்ந்தால் எதில்? நம் வீடுகளில் இதைச் சொல்லித்தர ஆள் கிடைப்பது அரிது. அம்மா கோவையிலோ திருச்சியிலோ விடுதியில் தங்கிப் படித்திருப்பார், அது வேறு உலகம். கூடப் படிக்கும் அமெரிக்கப் பெண்களில் பலருக்கு அம்மாவும் பாட்டியும் இதே வழியாக வந்தவர்கள். எந்த நாள் என்ன உடுத்துவது, எந்தத் தாளில் கையெழுத்துப் போடும் முன் நிதானிப்பது என்பதெல்லாம் அவர்களுக்குச் சாப்பாட்டு மேசையிலேயே தெரிந்துவிடுகிறது. உங்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். மாணவிக்காக எழுதியது, அம்மா அப்பாவும் கூட உட்கார்ந்து படிக்கலாம், அவர்களுக்கும் சில விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரே பெயர் கொண்ட சொராரிட்டி ஒரு வளாகத்தில் அருமையாக இருக்கும், பக்கத்து மாநிலத்தில் ஆட்களும் பழக்கமும் முற்றிலும் வேறாக இருக்கும். வளாகத்துக்கு வளாகம் உள்ள கிளையைச் சாப்டர் என்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது உங்கள் வளாகத்துச் சாப்டரில் இன்றைக்கு இருக்கும் பெண்களை. உங்கள் அறைத்தோழியின் அக்கா வேறு ஊரில் எதில் இருந்தாள், இணையத்தில் எதற்கு எத்தனை நட்சத்திரம் என்பதற்கெல்லாம் இதில் மதிப்பே இல்லை.

முதலில் எந்தக் குடும்பம் என்று பாருங்கள்

சொராரிட்டி என்பது பெண்கள் மட்டும் சேரும் மாணவியர் சங்கம். பெரும்பாலும் பெயர் கிரேக்க எழுத்துகளில் இருக்கும். இந்த மரபின் வேர் ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் ஊரில், வெஸ்லியன் பெண்கள் கல்லூரியில் 1851-இல் தொடங்கிய ஒரு சங்கம். அதுதான் இன்றைய ஆல்ஃபா டெல்டா பை. பெண்கள் கல்லூரிக்குப் போவதே அபூர்வமாக இருந்த காலத்தில் ஒருவருக்கொருவர் துணையாக இருக்க ஏற்பட்ட ஏற்பாடு இது. இன்று அதோடு ஒரு வீடு, மாதாந்திரக் கட்டணம், ஒரு தொண்டுப் பணி, பட்டம் வாங்கிய பிறகும் தொடரும் உறுப்பினர் தகுதி எல்லாம் சேர்ந்திருக்கின்றன.

எல்லாச் சொராரிட்டியும் ஒரே வழியில் ஆள் சேர்ப்பதில்லை. குறைந்தது மூன்று குடும்பங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பெரியது, நேஷனல் பான்ஹெலனிக் கான்ஃபரன்ஸ். சுருக்கமாக என்.பி.சி. 1902-இல் தொடங்கிய இந்தக் கூட்டமைப்பில் 26 சொராரிட்டிகள் இருக்கின்றன. டிக்டாக்கில் நீங்கள் பார்த்திருக்கும் ரஷ் வாரம் (ஆள் சேர்க்கும் வாரம்), கதவில் நின்று பாடும் பெண்கள், அழைப்புக் கிடைக்கும் நாளான பிட் டே அன்றைய ஓட்டம் எல்லாம் இவர்களுடையவை. 2021 ஆகஸ்டில் அலபாமா பல்கலைக்கழகப் பெண்களின் ஆடை வீடியோக்கள் உலகம் முழுக்கப் பரவிய பிறகு, ரஷ் என்றாலே இதுதான் என்று பலரும் நினைக்கிறார்கள்.

அடுத்தது நேஷனல் பான்-ஹெலனிக் கவுன்சில். 1930-இல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் உருவான இது, கறுப்பின மாணவர்கள் தொடங்கிய ஒன்பது சங்கங்களின் அமைப்பு. டிவைன் நைன் என்று அழைப்பார்கள். அவற்றில் நான்கு சொராரிட்டிகள். மூத்தது 1908-இல் ஹோவர்டில் தொடங்கிய ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா. கமலா ஹாரிஸ் அங்கே படிக்கும்போது 1986-இல் அதில் சேர்ந்தார். 2020-இல் துணை அதிபர் வேட்பாளராக அவர் பேசிய மேடைப் பேச்சை நம்மவர்கள் "சித்தி" என்ற சொல்லுக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே பேச்சில், அதே பத்தியில், குடும்பம் என்று அவர் எண்ணிச் சொன்னவற்றில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவும் இருந்தது. துளசேந்திரபுரத்து வேர் உள்ள ஒரு பெண்ணுக்கு ஒரு சொராரிட்டி அவ்வளவு நெருக்கமாக ஆகியிருக்கிறது. இந்த அமைப்புகளில் வாரக் கொண்டாட்டமாக ஆள் சேர்ப்பதில்லை. சில பருவங்கள் படித்து, மதிப்பெண்ணும் சேவையும் காட்டிய பிறகு, விண்ணப்பம் வழியாகச் சேர்ப்பார்கள்.

மூன்றாவது, தெற்காசியப் பெண்களை மையமாக வைத்தவை. இதில் ஒரு வியப்பு, மூன்று முக்கியமான சங்கங்களும் 1998 என்ற ஒரே ஆண்டில் பிறந்தவை: டெக்சஸ் பல்கலைக்கழகம் ஆஸ்டினில் கப்பா ஃபை காமா, ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் டெல்டா ஃபை ஒமேகா, நியூயார்க்கின் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தில் சிக்மா சிக்மா ரோ. பெரும்பாலும் பெரிய வீடு கிடையாது, சாப்டர் சிறியது, செலவும் குறைவு. வகுப்பு தொடங்கிய பிறகு சில வாரங்களுக்கு அறிமுகக் கூட்டங்கள் நடத்தி நிதானமாகச் சேர்ப்பார்கள். தீபாவளிக்கு எதற்கு விடுப்பு என்று அங்கே விளக்க வேண்டாம். ஆனால் ஒரு எச்சரிக்கை: தெற்காசியா என்று பெயர் இருந்தாலும் பேச்சும் பாட்டும் பெரும்பாலும் இந்திப் பக்கம் சாய்ந்திருக்கும் சாப்டர்கள் உண்டு. அது உங்களுக்குப் பிரச்சினையா இல்லையா என்பதை நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

என்.பி.சி. சொராரிட்டி ஒன்றில் சேர்ந்துவிட்டு, பிறகு இந்த மூன்றாவது வகைக்கும் போகலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டிலும் இருக்க முடியாது என்பதே பொதுவான நடைமுறை. எனவே ஆகஸ்டிலேயே இரண்டு பக்கமும் விசாரித்துவிடுங்கள். கீழே சொல்வது பெரும்பாலும் என்.பி.சி. முறை, ஏனென்றால் சிக்கல் அதிகம் உள்ளது அங்கேதான்.

காலமும் கட்டணமும்

அலபாமா, டெக்சஸ் ஆஸ்டின் போன்ற பெரிய தென் மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஆகஸ்டில், வகுப்பு தொடங்கும் முன்பே ரெக்ரூட்மென்ட், அதாவது ஆள் சேர்ப்பு, முடிந்துவிடும். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஜனவரியில். பிரின்ஸ்டனில் முதலாண்டு மாணவிகள் சேரவே கூடாது. உங்கள் வளாகத்து என்.பி.சி. சொராரிட்டிகளை ஒருங்கிணைக்கும் பான்ஹெலனிக் அமைப்பின் இணையப் பக்கத்தில் தேதியும் பதிவுக் கடைசி நாளும் இருக்கும். ஆகஸ்ட் வளாகம் என்றால் விடுதிக்கு முன்கூட்டியே வர வேண்டியிருக்கும், அதற்கேற்ப விமான டிக்கெட் எடுங்கள். சென்னையிலிருந்து வரும் பெண் விமான அலுப்போடு மறுநாளே பத்துச் சொராரிட்டி வீடுகளில் சிரித்துப் பேசுவது கொடுமை. ஒரு வாரமாவது முன்னதாக வந்துவிடுங்கள். மாணவர் விசாவில் இருப்பவர்கள் சேரத் தடை எதுவும் இல்லை.

என் கருத்தைச் சொன்னால், ஜனவரி முறை நல்லது. ஒரு பருவம் படித்து, யார் எப்படி என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். ஆகஸ்ட் வளாகத்தில் இருந்து, மனம் ஒப்பவில்லை என்றால் அந்த ஆண்டு விட்டுவிடுவதிலும் தவறில்லை. ஆனால் மிகப் பெரிய தென் மாநில வளாகங்களில் இரண்டாம் ஆண்டில் வாய்ப்பு குறையும் என்பதைத் தெரிந்துகொண்டு விடுங்கள்.

கட்டணத்தைப் பற்றிக் கேட்க வெட்கப்படவே கூடாது. சாப்டருக்குச் சாப்டர் இது மிகவும் வேறுபடும். வீட்டில் தங்காதவருக்குப் பருவத்துக்குச் சில நூறு டாலரிலிருந்து, வீட்டில் தங்கிச் சாப்பிடுபவருக்குப் பல ஆயிரம் டாலர் வரை போகும். கேட்க வேண்டியவை: புது உறுப்பினர் கட்டணம் எவ்வளவு, பேட்ஜ் செலவு எவ்வளவு, இரண்டாம் ஆண்டில் கட்டாயம் வீட்டில் தங்க வேண்டுமா, வெளியில் தங்குபவரும் சாப்பாட்டுக்குப் பணம் கட்ட வேண்டுமா, கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதமா, டி-ஷர்ட்டும் பரிசும் நடன விருந்தும் மாதம் எவ்வளவு இழுக்கும். கடைசியில் உள்ளதை எந்தத் தாளிலும் போடமாட்டார்கள். இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தியிடம் கேட்டால் உண்மை வரும். தவணை வசதியும் உதவித்தொகையும் உள்ள சாப்டர்கள் இருக்கின்றன, கேட்டால்தான் சொல்வார்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் இன்னொன்று கேளுங்கள். பெரிய வீடுகளில் சமையல்காரர் உண்டு, சாப்பாட்டுப் பணம் கட்டாயம். "சைவம் இருக்கிறதா" என்று கேட்டால் எல்லாரும் இருக்கிறது என்பார்கள். "நேற்று இரவு சைவக்காரர் என்ன சாப்பிட்டார்" என்று கேளுங்கள். பதில் வெறும் சாலட் என்றால், நான்கு பருவத்துக்கு அதுதான்.

ஜூலையில் செய்ய வேண்டியவை

பதிவுப் படிவம், கட்டணம், புகைப்படம், பள்ளி மதிப்பெண், சேவைப் பணிகள். இவ்வளவுதான். மதிப்பெண்ணுக்குக் குறைந்தபட்ச அளவு ஒவ்வொரு சாப்டருக்கும் உண்டு. அதற்குக் கீழே இருந்தால் பேச்சுத் திறமை எதுவும் உதவாது. இன்ஸ்டாகிராமை எல்லாரும் பார்ப்பார்கள், கையில் மதுக்கோப்பையோடு இருக்கும் படம் வேண்டாம். ஒரு காலத்தில் முன்னாள் உறுப்பினர்களிடமிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்குவது பெரிய வேலை. அம்மாவோ அக்காவோ அதே சொராரிட்டி என்றால் தனிச் சலுகையும் இருந்தது. சமீப ஆண்டுகளில் பல சொராரிட்டிகள் இரண்டையும் கைவிட்டிருக்கின்றன. முதல் தலைமுறையாக நுழையும் நம் பெண்களுக்கு இது உண்மையான நல்ல மாற்றம். யாரிடமும் கடிதத்துக்காக அலையாதீர்கள்.

வாரம் எப்படிப் போகும்

வளாகத்துக்கு வளாகம் பெயர் மாறினாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். முதல் சுற்றில் எல்லா வீடுகளுக்கும் போவீர்கள், ஒவ்வொன்றிலும் இருபது நிமிடம்போல. சில வளாகங்களில் இந்தச் சுற்று வீடியோவில் நடக்கிறது. அடுத்தது தொண்டுப் பணியைப் பற்றிய சுற்று. பிறகு சகோதரித்துவச் சுற்று, வீட்டைச் சுற்றிக் காட்டுவார்கள். கடைசியாகப் பிரிஃபரன்ஸ், அதிகம் போனால் இரண்டு வீடுகள், மெழுகுவர்த்தி, மெல்லிய குரல், சில சமயம் கண்ணீர். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு நீங்கள் உங்கள் விருப்ப வரிசையைப் பதிவீர்கள், அவர்கள் தங்களுடையதைப் பதிவார்கள், மறுநாள் காலை உங்கள் கையில் ஒரு அட்டவணை இருக்கும்.

உங்கள் குழுவுக்கு ஒரு வழிகாட்டி மாணவி இருப்பார். ரோ காமா என்றோ பை கை என்றோ அழைப்பார்கள். அவரும் ஏதோ ஒரு சொராரிட்டிக்காரர்தான், ஆனால் அந்த வாரம் முழுக்க எது என்று சொல்லக்கூடாது. நடுநிலையாக இருப்பது அவர் வேலை. அழ வேண்டும் என்றாலும் அவரிடம் அழலாம்.

கதவு திறந்ததும் முப்பது நாற்பது பெண்கள் அடுக்கடுக்காக நின்று கைதட்டிப் பாடுவார்கள். ஒருத்தி உங்கள் பெயரைச் சொல்லி உள்ளே அழைத்துப் போவாள். ஐந்தாறு நிமிடத்தில் இன்னொருத்தி பின்னாலிருந்து வந்து பேச்சில் சேர்ந்துகொள்வாள், முதல் பெண் நழுவிவிடுவாள். இது வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்தது. பாட்டும் பூ அலங்காரமும் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒரே தரத்தில்தான் இருக்கும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒத்திகை பார்க்க முடியாத இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்: உங்கள் பதிலைக் கேட்டுவிட்டு அதிலிருந்தே அடுத்த கேள்வி கேட்கிறாளா, பக்கத்தில் நிற்கும் தன் தோழியிடம் எப்படிப் பேசுகிறாள்.

ஊர் எது, எந்தப் பாடம் என்ற கேள்விகளை முதல் இரண்டு வீட்டோடு முடித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு இப்படிக் கேளுங்கள்: போன செவ்வாய்க்கிழமை மாலை என்ன செய்தீர்கள்? தேர்வு வாரத்தில் இந்த வீடு எப்படி இருக்கும்? போன பருவத்தில் உங்களுக்கு உடம்பு சரியில்லாதபோது யார் வந்து பார்த்தார்கள்? சாப்டரில் உங்களுக்குப் பிடிக்காத ஒன்று என்ன? கடைசிக் கேள்விக்கு யோசித்து ஒரு நேர்மையான பதில் சொல்லும் வீட்டை நான் மதிப்பேன். "பிடிக்காதது எதுவுமே இல்லை" என்பது மனப்பாடம்.

தொண்டுச் சுற்றில், ஒவ்வொரு சொராரிட்டிக்கும் ஒரு நிலையான பணி உண்டு. டிரை டெல்டாவுக்கு மெம்ஃபிஸின் செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனை, டெல்டா காமாவுக்குப் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான சேவை, கை ஒமேகாவுக்கு மேக்-எ-விஷ், கப்பா ஆல்ஃபா தீட்டாவுக்கு நீதிமன்றத்தில் குழந்தைகளுக்காகப் பேசும் காசா (CASA) தன்னார்வலர்கள். இதில் எது உயர்ந்தது என்று பார்ப்பதைவிட, இந்த ஆண்டு நீங்களே கையால் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். காசோலை அனுப்புவதோடு நிற்கும் சாப்டரும் உண்டு, வாராவாரம் போகும் சாப்டரும் உண்டு.

ஒவ்வொரு வீட்டை விட்டு வெளியே வந்ததும் நடந்துகொண்டே கைப்பேசியில் நான்கு வரி தட்டிவிடுங்கள். மாலைக்குள் எல்லா வீடும் ஒன்றாகக் கலந்துவிடும். இப்படி எழுதினால் போதும்: "வெள்ளைத் தூண் வீடு. நர்சிங் மூன்றாம் ஆண்டு. பாட்டி பற்றிக் கேட்டாள், பெயரைத் திருத்திச் சொன்னதும் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். இரண்டாவது வந்தவள் என் தோள் வழியாக யாரையோ தேடிக்கொண்டிருந்தாள். சிரிப்பு வந்தது, நானும் சிரித்தேன்." உங்கள் பெயர் தமிழ்ச்செல்வியோ யாழினியோ என்றால், சுருக்கிக் கூப்பிடட்டுமா என்று கேட்பவர்களையும், சரியாகச் சொல்லக் கற்றுக்கொள்பவர்களையும் தனித்தனியாகக் குறித்துவையுங்கள். இது சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான்கு ஆண்டு அந்தப் பெயரில்தான் கூப்பிடுவார்கள்.

நிறத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிடுகிறேன். 2013 செப்டம்பரில் அலபாமா பல்கலைக்கழகத்தின் மாணவர் பத்திரிகையான கிரிம்சன் ஒயிட், தகுதி எல்லாம் இருந்த ஒரு கறுப்பின மாணவியைச் சேர்க்க உறுப்பினர்கள் விரும்பியும் முன்னாள் உறுப்பினர்கள் குறுக்கே நின்றதை வெளியே கொண்டுவந்தது. போராட்டம் நடந்தது, பல்கலைக்கழகம் தலையிட்டது, அதே ஆண்டில் சில வீடுகளின் கதவு திறந்தது. இன்று நிலைமை மாறியிருக்கிறது, ஆனால் எல்லா வீட்டிலும் ஒரே அளவில் மாறவில்லை. அறைக்குள் நுழைந்ததும் சுற்றிப் பாருங்கள். உங்களைப் போன்ற நிறத்தில் எத்தனை பேர்? அவர்களில் யாராவது பொறுப்பில் இருக்கிறார்களா? உங்களோடு பேச ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இந்தியப் பெண்ணையே அனுப்புகிறார்களா? ஒருத்தியே இருந்தால் அவளிடமே கேளுங்கள், இங்கே உனக்கு எப்படி இருக்கிறது என்று. அவள் பதிலுக்கு முன் எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இரவில் வரிசை போடும்போது

இங்கேதான் பெரும்பாலான பெண்கள் மனம் உடைகிறார்கள், அதனால் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ரிலீஸ் ஃபிகர் என்ற முறைப்படி, ஒவ்வொரு சாப்டரும் அடுத்த சுற்றுக்கு எத்தனை பேரை அழைக்கலாம் என்பது முந்தைய ஆண்டுகளின் வருகைக் கணக்கை வைத்து முடிவாகிறது. ஒரு உதாரணத்துக்கு, முதல் சுற்றில் 1000 பெண்கள் வருகிறார்கள், அடுத்த சுற்றில் ஒவ்வொரு வீட்டிலும் 300 பேர் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீடு அழைத்தால் பத்தில் ஒன்பது பேர் திரும்பி வருவார்கள். அந்த வீடு சுமார் 330 பேரைத்தான் அழைக்க முடியும். இன்னொரு வீடு அழைத்தால் பாதிப் பேர்தான் வருவார்கள். அது 600 பேரை அழைக்கும். அதாவது பேர்பெற்ற வீடு முதல் நாளே சுமார் 670 பெண்களை விட்டுவிட வேண்டும். அவர்களில் பெரும்பாலோரை மறுக்க அந்த வீட்டுக்குக் காரணமே இருக்காது. இருபது நிமிடப் பேச்சுக்குப் பிறகு ஒரு பட்டியலை எங்கேயோ வெட்ட வேண்டும், வெட்டுகிறார்கள். காலையில் அட்டவணையில் அந்தப் பெயர் இல்லை என்றால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு மதிப்பெண் போட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வரிசை போடும்போது வளாகத்தில் புழங்கும் மேல் தட்டு, கீழ் தட்டு பேச்சை ஒதுக்கிவையுங்கள். அந்தத் தட்டுகளை உருவாக்குபவர்கள் பெரும்பாலும் ஆண் மாணவர் சங்கங்களான ஃப்ரட்டர்னிட்டிகளின் பையன்களும் பெயர் சொல்லாத இணையப் பதிவர்களும். கைப்பேசியில் நீங்கள் எழுதிய நான்கு வரிகளைத் திறந்து, அவற்றை மட்டும் படித்து வரிசை போடுங்கள். அறையில் கூட இருக்கும் பெண்ணின் வரிசையைக் கேட்காதீர்கள், உங்களுடையதைச் சொல்லவும் சொல்லாதீர்கள். தோழிகள் எல்லாரும் ஒரே வீட்டுக்குப் போகலாம் என்று பேசிவைப்பது நட்பையும் கெடுக்கும், தேர்வையும் கெடுக்கும்.

முதல் நாள் மனதுக்குப் பிடித்த வீடு கைவிட்டுப் போய், அட்டவணையில் நீங்கள் எதிர்பார்க்காத மூன்று வீடுகள் மட்டும் இருந்தாலும் எல்லாவற்றுக்கும் போங்கள். மூன்றாம் சுற்றில் பேச்சு நீளமாக இருக்கும், முதல் நாள் தெரியாதது அப்போது தெரியும்.

பிரிஃபரன்ஸ் இரவும் அந்தக் கையெழுத்தும்

கடைசிச் சுற்று முடிந்த கையோடு ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவீர்கள். எம்.ஆர்.ஏ.பி.ஏ. என்பது அதன் சுருக்கப் பெயர். இந்த வழிகாட்டியில் ஒரு பத்தியை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

நீங்கள் எழுதித் தரும் பட்டியலில் உள்ள எந்த வீட்டிலிருந்து பிட், அதாவது சேரச் சொல்லும் அழைப்பு, வந்தாலும் அது உங்களைக் கட்டுப்படுத்தும். வந்ததை மறுத்தால், அந்த வளாகத்தில் அடுத்த ஆண்டின் முதன்மை ரெக்ரூட்மென்ட் வரை வேறு எந்த என்.பி.சி. சொராரிட்டியிலும் சேர முடியாது. ஆகவே, உள்ளே போக மனமே இல்லாத வீட்டை மரியாதைக்காக எழுதாதீர்கள். ஆனால் மனம் ஓரளவு ஒப்பும் வீட்டை விடவும் விடாதீர்கள்.

ஏன் என்றால், இது பொறியியல் கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் நிரப்புவது போன்றதுதான். இரண்டாவதாக ஒன்றை எழுதுவதால் முதலாவதில் உங்கள் வாய்ப்பு குறையாது. ஒவ்வொரு வீட்டுக்கும் கோட்டா, அதாவது சேர்க்கக்கூடிய புது உறுப்பினர் எண்ணிக்கை, 50 என்று வையுங்கள். உங்கள் முதல் தேர்வு வீட்டின் பட்டியலில் நீங்கள் 58-ஆவது பெயர். உங்களுக்கு மேலே உள்ளவர்களில் எட்டுப் பேர் வேறு வீட்டை முதலாவதாக எழுதி அங்கே போய்விட்டால் உங்கள் முறை வந்துவிடும். வராவிட்டால் உங்கள் இரண்டாவது தேர்வைப் பார்ப்பார்கள். அங்கே நீங்கள் 30-ஆவது என்றால் இடம் இருக்கும். முதல் வீட்டை மட்டும் எழுதிவிட்டு, 58-ஆவது இடத்திலேயே கதவு மூடினால், கையில் ஒன்றும் இருக்காது. மேலும், அழைத்த எல்லா பிரிஃபரன்ஸ் வீட்டுக்கும் போய், எல்லாவற்றையும் எழுதிய பெண்ணுக்கு எங்கும் பொருந்தாமல் போனால், கோட்டாவுக்கு மேல் கூடுதலாக ஓர் இடம் கொடுக்க விதியில் வழி உண்டு. ஒன்றை மட்டும் எழுதியவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

"எங்களை முதலாவதாகப் போடு, கட்டாயம் எடுப்போம்" என்று எந்த உறுப்பினரும் சொல்லக்கூடாது. அது விதிமீறல். சொன்னால் நம்பவும் வேண்டாம். பிரிஃபரன்ஸ் முடிந்ததிலிருந்து பிட் கிடைக்கும்வரை உறுப்பினர்களோடு பேச்சே கூடாது என்ற அமைதி நேரமும் உண்டு. கையெழுத்துப் போடும் அறையில் யாரும் அவசரப்படுத்தக்கூடாது, நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். மனம் கலங்கியிருந்தால் கையெழுத்துப் போடாமல் விலகலாம். அப்படி விலகியவர்களுக்குப் பிறகு ஆண்டு நடுவில் இடம் உள்ள வீடுகளில் சேரும் வழி திறந்தே இருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள், இந்த இரவுக்காக. "அந்த டாக்டர் வீட்டுப் பெண் எதில் சேர்ந்தாள்" என்று போனில் கேட்காதீர்கள். பணம் இவ்வளவுதான் முடியும் என்றால் அதை ஜூலையிலேயே சொல்லிவிடுங்கள், இந்த இரவில் சொல்லாதீர்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள், போதும்.

எங்கும் கிடைக்காவிட்டால்

பெரிய வளாகங்களில் சிலருக்கு இது நடக்கும். பிட் வழங்கும் நாளிலேயே கோட்டா நிரம்பாத வீடுகள் ஸ்னாப் பிட் என்று சிலரை அழைப்பதுண்டு. அதற்குப் பிறகு கன்டினியுவஸ் ஓப்பன் பிடிங் என்ற முறையில், இடம் உள்ள சாப்டர்கள் ஆரவாரமில்லாமல் சேர்ப்பார்கள். காபி குடிக்க அழைப்பார்கள், ஒரு இரவுச் சாப்பாட்டுக்கு அழைப்பார்கள், அவ்வளவுதான். எனக்கு இந்த வழிதான் ரொம்பப் பிடிக்கும். பாட்டு இல்லை, ஓட்டம் இல்லை, நான்கு பேர் உட்கார்ந்து பேசுகிறார்கள். பான்ஹெலனிக் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பெயரைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னால் போதும். தெற்காசியச் சொராரிட்டிகளின் அறிமுகக் கூட்டங்களும் பெரும்பாலும் இதே சமயத்தில்தான் தொடங்கும்.

பிட் கிடைத்த பிறகு

பிட் டே அன்று ஓடிப் போய்க் கட்டிப்பிடித்துப் படம் எடுத்த மறுவாரம் புது உறுப்பினர் காலம் தொடங்குகிறது. சில வாரங்கள் நீடிக்கும். சங்கத்தின் வரலாறு, விதிகள், மூத்த உறுப்பினர் ஒருவர் உங்களுக்கு "பிக்" ஆவது எல்லாம் இதற்குள் வரும்.

இந்தக் காலத்தில்தான் ஹேசிங், அதாவது நம் ஊர் ராகிங் போன்றது, நடந்தால் நடக்கும். ராகிங் என்ன என்று தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1996-இல் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, 1997-இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் ஹேசிங்குக்கு எதிரான சட்டம் உண்டு. 2024 டிசம்பரில் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி, ஹேசிங் செய்து பிடிபட்ட அமைப்புகளின் பெயரையும் விவரத்தையும் கல்லூரிகள் பொதுவில் வெளியிட வேண்டும். உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரோடு ஹேசிங் வெளிப்படைத்தன்மை அறிக்கை என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். உங்கள் பட்டியலில் உள்ள சாப்டர் அதில் இருக்கிறதா என்று பிரிஃபரன்ஸுக்கு முன்பே பாருங்கள், பிறகு பார்த்துப் பயனில்லை.

எது ஹேசிங் என்பதில் குழப்பம் வேண்டாம். தூங்கவிடாமல் வைப்பது, எடுபிடி வேலை செய்யச் சொல்வது, உடலைப் பற்றிக் கருத்துச் சொல்வது, குடிக்கச் சொல்வது, இதை யாரிடமும் சொல்லாதே என்று தொடங்கும் எதுவும் ஹேசிங்தான். நீங்கள் சம்மதித்தாலும் அது ஹேசிங்தான். பெரும்பாலான என்.பி.சி. வீடுகளுக்குள் மதுவுக்கு அனுமதி இல்லை. குடி நடப்பது பெரும்பாலும் ஃப்ரட்டர்னிட்டி வீடுகளில். 21 வயதுக்குக் கீழே குடிப்பது சட்டப்படி குற்றம். மாணவர் விசாவில் இருப்பவர் மது தொடர்பாகக் கைதானால் விசாவுக்கே ஆபத்து வரலாம். அதனால் எந்த விருந்துக்குப் போனாலும் எப்படித் திரும்புவது என்பதை முன்பே முடிவுசெய்து, கூட வரும் பெண்ணிடம் சொல்லிவைத்துவிட்டுப் போங்கள்.

இந்த வாரங்களில் உங்கள் கைப்பேசிக் குறிப்புகளை மறுபடி திறந்து பாருங்கள். அன்று பேசியவள் இன்று வாசலில் பார்த்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாளா? நேரக் கணக்கு சொன்னபடி இருக்கிறதா? கட்டண ரசீதில் புதிதாக எதுவும் முளைத்திருக்கிறதா? சில பழைய சொராரிட்டிகளின் இனிஷியேஷனில், அதாவது முழு உறுப்பினராக்கும் சடங்கில், கிறிஸ்தவச் சாயல் இருக்கும். அது உங்களுக்கு முக்கியம் என்றால் சடங்கின் ரகசியத்தைக் கேட்காமலேயே, பிற மதத்துப் பெண்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று உங்கள் பிக்கிடம் கேட்கலாம்.

சரியில்லை என்று பட்டால் இனிஷியேஷனுக்கு முன்பே எழுத்தில் சொல்லி விலகுங்கள். அப்போது விலகினால், அடுத்த முதன்மை ரெக்ரூட்மென்ட்டில் வேறு வீட்டுக்கு முயலலாம். இனிஷியேஷன் முடிந்துவிட்டால், பிறகு விலகினாலும், வேறு பல்கலைக்கழகத்துக்கே மாறினாலும், வாழ்நாளில் இன்னொரு என்.பி.சி. சொராரிட்டியில் சேர முடியாது. அதனால் பிட் கிடைத்த வாரத்திலேயே இனிஷியேஷன் தேதியைக் கேட்டு வாங்குங்கள். அதற்கு ஒரு வாரம் முன்பாக ஒரு மாலை நேரத்தை நாட்காட்டியில் ஒதுக்கி, அன்று வீட்டுக்குப் போன் போட்டு, இதுவரை கண்டதை எல்லாம் சொல்லிப் பேசிவிட்டு முடிவெடுங்கள்.